பதிவு மீட்பின் உரைகல்: கோணேசர் கல்வெட்டை முன்வைத்து ஒரு மதிப்பீடு

திருகோணமலை நகரின் கிழக்கே கடலுள் நீண்டு கிடக்கும் நிலமுனையிற் பிரெடெரிக் கோட்டை அமைந்துள்ளது. அதன் வாயிலைக் கடப்போர் அங்குள்ள கல்லொன்றிற் சிதைந்த தமிழ் எழுத்துகளையும், அருகே பொறிக்கப்பட்ட இணைக்கயற் சின்னத்தையும் காணலாம். 1622ஆம் ஆண்டுக்கும் 1624ஆம் ஆண்டுக்கும் இடைப்பட்ட காலத்திற் போர்த்துக்கேயர் கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினர். கோயிலின் கல் கோட்டையின் கல்லாயிற்று. எழுத்து மட்டும் அரைகுறையாக எஞ்சிற்று. அவ்வெழுத்து பழைய ஆலயத்தின் சான்று என்று மேடைகளிலும் மலர்களிலும் பெருமிதத்துடன் பேசப்படுகின்றது. எதற்கு, எந்த அளவிற்குச் சான்று என்னும் வினா அத்துணை ஆர்வத்துடன் எழுப்பப்படுவதில்லை.

அழிவொன்றின் பின்னர் மீண்டுவந்த பதிவை மதிப்பிடும் முறை யாது என்பதே இவ்விடத்து எழும் அடிப்படை வினா. இதற்கு அண்மைக்காலத்தில் மிகக் கண்டிப்பான விடையொன்றைத் தந்துள்ள துறை இலக்கியத் திறனாய்வு அன்று, வரலாற்றியலும் அன்று. கணினித் தரவுத்தளங்களை வேண்டுமென்றே வீழ்த்தி, அவை மீண்டெழும்போது எதனை இழந்தன, எதனை இரட்டித்தன எனச் சோதிக்கும் துறையே அது. அத்துறையின் உரைகல்லிற் கோணேசர் கல்வெட்டு என்னும் நூலை உரைத்துப் பார்க்குமிடத்து, இதுவரை அந்நூல் பற்றி வழங்கிவந்த புகழ்ச்சியும் மறுப்பும் ஒருங்கே போதாதவை என்பது புலனாகும்.

முதலிற் கணினியின் செய்தியைத் தெளிவுபடுத்தல் வேண்டும். சீனக்குடாவிற் கப்பலொன்றிலிருந்து கோதுமை இறக்கப்படுகிறது எனக் கொள்க. களஞ்சியக் கணக்கர் ஒவ்வொரு லொறியின் நிறையையும் கணினியிற் பதிகிறார். ‘பதிந்தாயிற்று’ என்று கணினி விடையளித்த பின்னரே லொறி வாயிலைக் கடக்கிறது. நாற்பதாவது லொறியைப் பதியும் வேளையில், விடை வருமுன் மின்சாரம் அறுந்துவிடுகிறது. சற்று நேரத்தின் பின் மின்சாரம் மீள்கிறது, கணினி இயங்குகிறது, திரையிற் கணக்குத் தோன்றுகிறது. பார்ப்போர் ஆறுதல் அடைகின்றனர். ஆனால் திரையில் முப்பத்தெட்டு லொறிகளே இருப்பின், விடையளிக்கப்பட்ட ஒரு பதிவு தொலைந்தது என்பது பொருள். கணக்கர் நாற்பதாவதை மீண்டும் பதிய, முன்னைய பதிவும் உள்ளே சென்றிருந்ததாயின், ஒரே லொறி இருமுறை ஏறிவிடும். முன்னது இழப்பு; பின்னது இரட்டிப்பு. இரண்டிலும் கணினி பழுதின்றி இயங்குவதாகவே தோற்றும் என்பதுதான் கவனிக்கற்பாலது.

இவ்விரு குற்றங்களையும் தவிர்க்கும் வழி தமிழ் வணிகருக்குப் புதியதன்று. கொடுக்கல் வாங்கலை முதலிற் சிட்டையில் எழுதி, பின்னர் பேரேட்டில் ஏற்றுவது பழைய கடைவழக்கம். பேரேடு நனைந்து கெட்டாலும் சிட்டையைக் கொண்டு அதனை மீள எழுதலாம். தரவுத்தளங்களும் இவ்வாறே இயங்குகின்றன. மாற்றமொன்றைப் பேரேட்டிற் செய்யுமுன் அதனைச் சிட்டையில் எழுதி, அச்சிட்டை அழியாத இடத்திற் சேர்ந்தபின்னரே ‘பதிந்தாயிற்று’ என்று சொல்லவேண்டும் என்பது விதி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977இற் பட்டம் பெற்று, பின்னர் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஆய்வாளராக விளங்கிய சி. மோகனும் அவருடன் பணியாற்றியோரும் 1992இல் வெளியிட்ட ‘ஏரீஸ்’ என்னும் மீட்புமுறை இவ்விதியை முழுமையான ஒழுங்காக்கிற்று. பல தரவுத்தளங்களின் அமைப்பில் அம்முறையின் செல்வாக்கைக் காணலாம்.

அம்முறையின் நுட்பம் இரு செய்திகளில் அடங்கும். பேரேட்டின் ஒவ்வொரு பக்கத்திலும், அப்பக்கத்தில் ஏறிய கடைசிச் சிட்டை வரியின் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வீழ்ச்சியின்பின் சிட்டையை வரிசையாகப் படித்துச் செல்லும்போது, பக்கத்திலுள்ள எண்ணை நோக்கி, ஏற்கெனவே ஏறியதை விடுத்து ஏறாததை மட்டும் ஏற்றுவர். ஆதலின் ஒன்றும் இருமுறை ஏறாது. இது முதலாவது. முடிவுறாத கொடுக்கல் வாங்கல்களைப் பின்னர் நீக்குமிடத்து, அந்நீக்கத்தையும் சிட்டையிற் குறிப்பர். மீட்பு நடைபெறும்போதே மீண்டும் மின்சாரம் அறுந்தாலும், நீக்கியதையே திரும்ப நீக்கும் பிழை நேராது. இது இரண்டாவது. சுருங்கக் கூறின், திருத்துவோன் தன் திருத்தத்தையும் பதிந்துவைக்கிறான்.

முறை நன்று என்பதனாற் செயலும் நன்றாகிவிடாது. எனவேதான் சோதனை வேண்டப்படுகிறது. சோதிப்போர் நூற்றுக்கணக்கான பதிவுகளை இடைவிடாது அனுப்பியவாறே, எதிர்பாராத கணத்திற் கணினியின் உயிரை அறுப்பர், மீண்டெழச் செய்வர், இவ்வாறு பன்முறை செய்வர். இதில் இன்றியமையாத உறுப்பு ஒன்றுண்டு. எவற்றை அனுப்பினோம், எவற்றுக்கு விடை வந்தது என்னும் பட்டியல், வீழ்த்தப்படும் கணினிக்கு வெளியே, பிறிதோர் இடத்தில் எழுதப்படல் வேண்டும். அப்புறப்பட்டியலோடு ஒப்பிட்டே இழப்பும் இரட்டிப்பும் கணிக்கப்படும். புறப்பட்டியல் இல்லையேற் சோதனையே இல்லை. வீழ்ந்த அமைப்பு தன்னைப் பற்றித் தானே கூறும் சாட்சியமாக அது முடிந்துவிடும்.

2013ஆம் ஆண்டு முதல் கைல் கிங்ஸ்பெரி என்பார் ‘ஜெப்சன்’ என்னும் பெயரில் நடத்திவரும் சோதனைகள், பெயர்பெற்ற பல தரவுத்தளங்கள் தாம் அளித்த உறுதிமொழியைக் காக்கத் தவறியதை வெளிப்படுத்தின. அச்சோதனைகளில் விடைகள் மூவகைப்படும்: நிகழ்ந்தது, நிகழவில்லை, தெரியாது. இணைப்பு அறுந்தபோது நிலுவையில் நின்ற பதிவுக்கு மூன்றாம் விடையே நேர்மையான விடை. அதனை ஊகத்தால் முதலாவதாகவோ இரண்டாவதாகவோ மாற்றுவோர் இழப்புக்கு அல்லது இரட்டிப்புக்கு வழிவகுப்பர். 2018இற் போஸ்ட்கிறெஸ் என்னும் தரவுத்தளத்தை ஆக்குவோர் கண்ட குறையும் ஈண்டு நினைக்கத்தக்கது. எழுத்தைத் தட்டிற் சேர்க்கும்படி தரவுத்தளம் இயக்குதளத்தைக் கேட்கிறது. அது தவறிவிட்டது என விடை வருகிறது. மறுமுறை கேட்கும்போது சேர்ந்தது என விடை வருகிறது. உண்மையில், முதன்முறை தவறியபோதே அவ்வெழுத்து சேர்ந்ததாகக் குறிக்கப்பட்டுக் கைவிடப்பட்டிருக்கக் கூடும். இரண்டாம் விடையை நம்பியோர் பல ஆண்டுகளாக அதனை அறிந்திலர்.

இழப்பும் இரட்டிப்பும் தமிழ் ஏட்டுச்சுவடி மரபிலும் நன்கறியப்பட்டவையே. ஒரே சொல்லில் முடியும் இரண்டு அடிகளுக்கிடையே கண் தாவுமிடத்து இடையடி தொலையும். கண் பின்னோக்கித் தாவின் அடி இரட்டிக்கும். யாழ்ப்பாணத்துச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும் 1887இற் கலித்தொகையையும் அச்சேற்றியபோது பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கியதன் காரணம் இதுவே. ஓர் ஏட்டின் குறையை அவ்வேடே காட்டாது. மற்றோர் ஏடே காட்டும். கணினியாளர் புறப்பட்டியல் என்பது பதிப்பாசிரியரின் பிரதிபேதத்திற்கு உறவானது. ஆயினும், கணினிச் சோதனை ஒருபடி மேற்சென்று ஒன்றை வற்புறுத்துகிறது: புறச்சான்று உண்மையிலேயே புறத்தே நின்றதா என்பது முதலில் நிறுவப்படல் வேண்டும். ஒரே சிட்டையிலிருந்து எழுதப்பட்ட மூன்று பேரேடுகள் மூன்று சான்றுகளாகமாட்டா.

இவ்வுரைகல்லுடன் கோணேசர் கல்வெட்டை அணுகலாம். பெயர் கல்வெட்டாயினும் அது கல்லில் வெட்டப்பட்டதன்று. கோணேசர் சாசனம் எனவும் வழங்கும் அந்நூல், கவிராசவரோதயர் பெயரால் அறியப்படுவது. செய்யுளும் உரைநடையுமாக அமைந்து ஏட்டின் வழி வந்தது. அதன் காலம் பற்றி அறிஞரிடையே கருத்தொருமை இல்லை. குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் ஆலயத்தைத் திருப்பணி செய்தமை, அதன் பொருட்டுக் கந்தளாய்க் குளத்தைக் கட்டியமை, தானத்தார், வரிப்பத்தார் முதலியோரைக் குடியேற்றித் தொழும்பு வகுத்தமை, வழக்குத் தீர்க்க வன்னிபத்தை ஏற்படுத்தியமை, பின்வந்த கயவாகு மன்னன் இவற்றை நிலைநிறுத்தியமை ஆகியன அதன் பொருள். யார் எதனைக் கொணர்தல் வேண்டும், யார் எதனைச் செய்தல் வேண்டும், தவறுவோர் எய்தும் கேடு யாது என்பன விரிவாகச் சொல்லப்படுகின்றன.

இலக்கியத்தைக் கணக்கேடுபோற் சோதித்தல் தகுமா என்னும் தடை இவ்விடத்து எழலாம். புராணத்தைப் பொறுத்தவரை அத்தடை வலியுடையதே. பாசுரத்திற் பேரேட்டின் நேர்த்தியைத் தேடுவோன் பாசுரத்தை இழப்பான். ஆனால் கோணேசர் கல்வெட்டு தன்னைக் கணக்கேடாகவே முன்னிறுத்துகிறது. கடமையையும் உரிமையையும் தலைமுறைக்குத் தலைமுறை ஒப்படைக்கும் ஆவணமென்பதே அதன் கூற்று. பெயரிலேயே கல்லின் நிலைபேற்றைக் கோருகிறது. எனவே அந்நூலை அதன் கூற்றினாலேயே அளத்தல் அதற்கு இழைக்கும் அநீதியாகாது. அதற்குச் செய்யும் மரியாதையேயாம்.

முதலாவது, இழப்பு. நூலின் புறத்தே நிற்கும் சான்றுகள் சில உள. ஏழாம் நூற்றாண்டிற் திருஞானசம்பந்தர் பாடிய திருக்கோணமலைப் பதிகம் கடல்சூழ் கோணமலையில் ஆலயம் நின்றமைக்குச் சான்று. அப்பதிகத்திற் குளக்கோட்டன் பெயர் இல்லை. நிலாவெளியிற் கிடைத்த சோழர்காலக் கல்வெட்டு, கோணமலைத் தெய்வத்திற்கு 250 வேலி நிலம் அளிக்கப்பட்டதைக் கூறுகிறது. கந்தளாயை அடுத்த பாலமோட்டையிற் கிடைத்த கல்வெட்டு, முதலாம் விசயபாகுவின் 42ஆம் ஆட்சியாண்டில் நங்கைசானி என்னும் பிராமணப் பெண், இறந்த தன் கணவன் பொருட்டுக் கந்தளாய்ச் சிவாலயத்திற்குச் செய்த அறத்தைப் பதிந்துள்ளது. கோணேசர் கல்வெட்டு கந்தளாயைப் பற்றி விரித்துரைக்கும் நூல். ஆயினும் இந்நங்கையின் அறம் அதில் இடம்பெறவில்லை.

இவ்விழப்பின் தன்மை சிந்திக்கத்தக்கது. பாலமோட்டைக் கல் வெட்டப்பட்டபோது, அவ்வறம் என்றும் நிலைக்கும் என்ற உறுதி அப்பெண்ணுக்கு அளிக்கப்பட்டது. கணினியாளர் மொழியிற் கூறின், ‘பதிந்தாயிற்று’ என்ற விடை அவளுக்குக் கிடைத்துவிட்டது. பிற்கால மீட்பு அதனைக் கைவிட்டது. மன்னர் எழுத்து மீண்டது. கைம்பெண்ணின் எழுத்து தொலைந்தது. மண்ணுக்குள்ளிருந்து அக்கல் வெளிப்பட்டிராவிடின், இழப்பு நேர்ந்தது என்பதே எவருக்கும் தெரிந்திராது. தொலைந்த பதிவு வெற்றிடமாகக் கூடக் காட்சி தருவதில்லை. அடுத்த வரி அவ்விடத்தை நிரப்பிவிடுகிறது. கோணேசர் கல்வெட்டின் ஒழுங்கும் முழுமையும் வியக்கப்படும்போதெல்லாம் இவ்வுண்மை நினைவிற் கொள்ளப்படல் வேண்டும்.

இரண்டாவது, இரட்டிப்பு. கந்தளாய்க் குளம் குளக்கோட்டன் செயலாகக் கோணேசர் கல்வெட்டிற் சொல்லப்படுகிறது. சூளவம்சமோ இரண்டாம் அக்கபோதி கட்டிய வாவிகளுள் கங்காதடம் என்பதைக் குறிக்கிறது. அது கந்தளாயே எனக் கொள்வது வழக்கு. ஆக, ஒரே குளம் இரண்டு ஏடுகளில் இரண்டு பெயரில் ஏறியுள்ளது. இதனை இரு இனத்தாரின் வழக்காக்கி, யாருடைய ஏடு மெய் என்று வாதிடுவோர் பலர். ஆனால் பெருங்குளமொன்று ஒரே நாளில், ஒரே கையாற் கட்டப்படுவதன்று. கட்டப்படும், உடையும், உயர்த்தப்படும், மீண்டும் கட்டப்படும். பல வேறு செயல்களை ஒரே செயலாகப் பதிந்ததும், பின்னர் அவ்வொன்றுக்கு இரு உரிமையாளரைப் பதிந்ததும் மீட்பில் நேர்ந்த பிழைகளாக இருத்தல் கூடும். பக்கத்தின் தலையில் வரியெண் இல்லாத பேரேட்டில், எது முன் எது பின் என்பதை வாதத்தால் நிலைநாட்ட இயலாது. ‘தெரியாது’ என்னும் மூன்றாம் விடையே ஈண்டு நேர்மையானது.

குளக்கோட்டன் பெயரும் இத்தகையதே. கோணேசர் கல்வெட்டு அவன் வருகையைக் கலியுகம் 512இல் வைக்கிறது. கணக்கிட்டால் அது கி.மு. 2590ஐ ஒட்டிய காலமாகும். யாழ்ப்பாண வைபவமாலையோ அவனை மிகப் பிற்பட்ட காலத்தவனாகக் காட்டுகிறது. பிரெடெரிக் கோட்டையிற் கிடைத்த சிதைந்த வடமொழிக் கல்வெட்டொன்று, சக ஆண்டு 1145இல், அதாவது கி.பி. 1223இற் சோடகங்கன் என்பான் வந்ததைக் கூறுகிறது. அவனே குளக்கோட்டன் எனக் கருதும் அறிஞரும் உளர். இவ்வடையாளம் ஏற்கப்படுமாயினும் படாவிடினும் ஒன்று தெளிவு: பல காலத்துப் பல கைகளின் திருப்பணிகள் ஒரு பெயரின்கீழ்த் திரண்டுள்ளன. வைபவமாலை குளக்கோட்டனைக் குறிப்பதாற் கோணேசர் கல்வெட்டின் செய்தி உறுதியாகிறது என்ற வாதமும் நிலைபெறாது. ஒரு மரபு மற்றொன்றிலிருந்து செய்தி பெற்றதாயின், இரண்டும் சேர்ந்தும் ஒரு சான்றே.

மூன்றாவது குற்றமொன்று உண்டு. அது முன்னைய இரண்டினும் நுண்ணியது. கோட்டைவாயிற் கல்லில் எஞ்சிய எழுத்துகளை வைத்து நோக்குமிடத்து, குளக்கோட்டனின் திருப்பணி, பறங்கியர், பின்வரும் அரசர் ஆகிய செய்திகளே ஓரளவு தெளிவாகின்றன. எதிர்காலத்து அழிவை முன்னறிவிக்கும் பாங்கில் அது அமைந்துள்ளது. மக்களிடையே வாய்மொழியாக வழங்கும் வெண்பாவோ மேலும் நீண்டு, பறங்கியருக்குப் பின் அடுத்தடுத்து வரும் ஆட்சியாளரைக் கண்ணின் நிறத்தாற் சுட்டிச் செல்கிறது. ஒல்லாந்தரும் ஆங்கிலேயரும் வந்துபோன பின்னர் அவ்வெண்பா எத்துணைப் பொருத்தமாக ஒலிக்கிறது என்று வியப்போர் உளர். அப்பொருத்தமே ஐயத்துக்குரியது. நிகழ்ச்சிக்குப் பின் எழுதப்பட்ட வரியை நிகழ்ச்சிக்கு முந்திய எண்ணிட்டுச் சிட்டையிற் செருகுவதற்கு இது ஒப்பாகும். கல்லின் சிதைந்த பகுதியை அவ்வெண்பாவைக் கொண்டு நிரப்பிப் படிப்போர், மீட்பதாக எண்ணிப் புதிதாக எழுதுகின்றனர்.

இக்குறைகளைக் காட்டியதனாற் கோணேசர் கல்வெட்டு புனைந்துரை எனத் தள்ளப்படுமோ எனின், படாது. தள்ளுவோரும் சோதிக்காதவரே. வீழ்ச்சியின்பின் இழப்பு நேர்ந்தது என்பதற்காகத் தரவுத்தளம் முழுவதையும் எவரும் எறிவதில்லை. எவ்வரி காப்பாற்றப்பட்டது என்றே தேடுவர். நிலாவெளிக் கல் கூறும் நிலதானம், கோயிலுக்கென நெல்விளையும் நிலம் உண்டு என்ற நூலின் அடிப்படைச் செய்தியோடு இசைகிறது. தொழும்பு வகுத்தல், முறைவழி ஊழியம் ஆகியன இம்மாவட்டத்துக் கோயில்களின் வழக்காற்றிற் சான்று பெறுகின்றன. அரசர் பெயரிலும் ஆண்டிலும் நூல் தளர்கிறது; கடமைகளின் அமைப்பில் உறுதிகொள்கிறது. இது தற்செயலன்று. ஆண்டை ஒருவரும் அன்றாடம் பயன்படுத்துவதில்லை. கடமையோ ஒவ்வொரு திருவிழாவிலும் மீண்டும் மீண்டும் செய்யப்பட்டு, செய்வோராற் சரிபார்க்கப்படுகிறது. பயன்பாட்டிலுள்ள பதிவே பழுதறியும் பதிவு.

தம்பலகாமத்து ஆதிகோணநாயகர் ஆலயம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முனையிலிருந்த ஆலயம் அழிந்தபின் அதன் வழிபாடு தம்பலகாமத்திலே தொடர்ந்ததென்பது மரபு. 1950இற் திருகோணமலையிற் கிணறு வெட்டியபோது பழைய செப்புத் திருமேனிகள் சில வெளிப்பட்டன. 1956ஐ ஒட்டி ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் சுவாமிமலை அடிவாரத்துக் கடலுள் மூழ்கி ஆலயத்தின் இடிபாடுகளைக் கண்டனர். 1963இற் புதிய ஆலயத்திற்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. இன்று ஒரே நாதனுக்கு இரு திருத்தலங்கள் உள. இது இரட்டிப்பா என வினவலாம். அன்று. வழிபாடு இரண்டிடத்து நிகழ்வதால் எவரும் எதனையும் இழப்பதில்லை. ஒன்று வீழ்ந்தபோது மற்றொன்று காத்தது. ஒரே கடமை இருமுறை அறவிடப்படும்போதும், ஒரே உரிமை இருவருக்கு அளிக்கப்படும்போதும் மட்டுமே இரட்டிப்பு குற்றமாகிறது. காப்புப்படிக்கும் பிழைப்படிக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

இவ்வேறுபாடு பழம்பெருமை பற்றியதாக நின்றுவிடுவதில்லை. 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், நிலாவெளி, குச்சவெளிக் கரைகளை அழித்தபின் இலங்கை முழுவதிலும் இறந்தோர் பட்டியல்கள் வெவ்வேறு அலுவலகங்களில் எழுதப்பட்டன. 38,000க்கு மேற்பட்டதாகச் சொல்லப்பட்ட தொகை, 2005இன் தொடக்கத்தில் 31,000ஐ ஒட்டிய தொகையாகக் குறைக்கப்பட்டது. ஒரே உயிர் இருமுறை எண்ணப்பட்டமை அதற்குக் காரணமாகக் கூறப்பட்டது. அந்நாட்களிற் தன்னார்வக் கணினியாளர் அவசரமாக ஆக்கிய ‘சஹானா’ என்னும் அமைப்பின் பணிகளுள் காணாமற்போனோரையும் முகாம்களையும் ஒருங்கே பதிவதும் ஒன்றாயிருந்தது. ஒரு பெயர் இருமுறை ஏறின் தொகை பிழைக்கும். ஒருமுறையும் ஏறாவிடின் ஒரு குடும்பத்தின் துயரே பதிவின்றிப் போகும்.

2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மேகக்கணினி அமைப்பு தீங்குநிரலாற் தாக்கப்பட்டபோது மறுபுறக் குற்றம் நேர்ந்தது. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரை அனுப்பப்பட்ட மின்னஞ்சல்கள் மீளவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டோருள் ஒன்று. அமைப்பு மீண்டும் இயங்கத் தொடங்கிற்று. ஆனால் அக்காலப்பகுதிக்குப் புறத்தே வைக்கப்பட்ட காப்புப்படி இல்லை. வீழ்ச்சி நேருமுன் ஒருமுறையேனும் வேண்டுமென்றே வீழ்த்தி, மீட்டு, ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை செய்யப்பட்டிருப்பின், இவ்வெற்றிடம் முன்னரே வெளிப்பட்டிருக்கும்.

போரினாலும் இடப்பெயர்வினாலும் அலைந்த இம்மாவட்டத்து மக்களுக்கு இதன் பொருள் சொல்லாமலே விளங்கும். 2006இற் சம்பூரிலிருந்து பெயர்ந்தோர் மீள்வதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் சென்றன. காணி உறுதியைத் தொலைத்தோர், பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தோர், ஒரே காணிக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு கைகளுக்கு அளிக்கப்பட்ட பத்திரங்களால் வழக்காடுவோர் எனப் போர் கண்ட மாவட்டங்களில் இரு குற்றங்களின் பயனையும் சுமப்போர் பலர். பழைய ஏடுகள் கணினிக்கு மாற்றப்படும் இக்காலத்தில், மாற்றம் முடிந்தது என்ற அறிவிப்பே மீட்பின் சான்றாகக் கொள்ளப்படுமாயின், நங்கைசானிக்கு நேர்ந்தது இன்னும் பலருக்கு நேரும். தொலைந்த பதிவு தான் தொலைந்ததைச் சொல்லாது.

கோணேசர் கல்வெட்டை மதிப்பிடும் திறனாய்வாளன் செய்யவேண்டியதும், தரவுத்தளத்தை வீழ்த்திப் பார்க்கும் சோதனையாளன் செய்வதும் முடிவில் ஒன்றே. மீண்டு வந்தது என்று மகிழுமுன், எது வரவில்லை என்று கேட்டல். எது இருமுறை வந்தது என்று கேட்டல். இவற்றை அறிவிக்கும் சான்று வீழ்ந்ததன் புறத்தே நின்றதா என்று கேட்டல். விடை கிடையாவிடத்துத் தெரியாது என்று எழுதிவைத்தல். கோட்டைவாயிலின் சிதைந்த கல், நிரப்பப்படாத தன் இடைவெளிகளாலேயே நம்பத்தக்க சான்றாக நிற்கிறது. அவ்விடைவெளிகளைக் காக்கும் பொறுப்பு, எழுத்துகளைக் காக்கும் பொறுப்பிற் குறைந்ததன்று.